சொந்த சர்வரில் வலைப்பூ: நிறுவிய மறுநாளிலிருந்து வரும் வேலைகள்

சர்வரில் வேர்ட்பிரஸை (வலைப்பூ நடத்தும் மென்பொருள்) நிறுவ ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை போதும். எப்படி நிறுவுவது என்று காட்டும் வீடியோக்கள் தமிழிலேயே நிறைய இருக்கின்றன. அவை முடிகிற இடத்தில்தான் வேலை தொடங்குகிறது. சின்னத் தளங்களை யாரும் பெயர் சொல்லிக் குறிவைத்துத் தாக்குவது அபூர்வம். டொமைன் காலாவதியாகும், டிஸ்க் நிரம்பும், கைவிடப்பட்ட ப்ளகினில் (வேர்ட்பிரஸோடு சேர்க்கும் துணை நிரல்) பாதுகாப்பு ஓட்டை விழும், அதைச் சொல்ல வந்த மெயில் ஸ்பேமில் கிடக்கும். பத்து வருஷம் எழுதிச் சேர்த்தது இப்படிச் சத்தமில்லாமல்தான் போகிறது.

மாதம் 5, 6 டாலர் வாடகையில் 1 ஜிபி ரேம், 25 ஜிபி டிஸ்க் கொண்ட விபிஎஸ் (மெய்நிகர் சர்வர்) ஒன்றை எடுத்து, உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் வேர்ட்பிரஸ் ஓட்டப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். கோஸ்ட் போன்ற வேறு மென்பொருள் ஓட்டுகிறவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

தொடங்கும் முன்: உங்களிடம் எத்தனை மணி நேரம் இருக்கிறது?

பணக் கணக்கு சுலபம். சர்வர் வாடகை, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஆண்டுக்கு ஒரு முறை டொமைன், பேக்கப் வைக்கச் சிறு தொகை. நேரக் கணக்கைத்தான் யாரும் போடுவதில்லை. எல்லாம் ஒழுங்காக அமைந்த பிறகும் வாரம் 15 நிமிடம், மாதம் ஒரு மணி நேரம், வருஷத்துக்கு ஒரு முழு நாள் போகும். இதற்கு மேல், எப்போது வரும் என்று தெரியாத இரண்டு மூன்று அவசர இரவுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த நேரம் உங்களிடம் இல்லையென்றால் அதில் தப்பில்லை. பிளாகரிலோ வேர்ட்பிரஸ் டாட் காமிலோ எழுதுங்கள், சொந்த டொமைனை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் இன்னொரு வழியும் உண்டு: ஹியூகோ மாதிரியான நிலைத்தள மென்பொருள். தரவுத்தளம் கிடையாது, பிஎச்பி (வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட நிரல்மொழி) கிடையாது, வெறும் எச்டிஎம்எல் கோப்புகள்தான். கீழே சொல்லப்போகும் வேலைகளில் பாதிக்கு மேல் அதற்குத் தேவைப்படாது. தனி ஆளாக எழுதுகிறவர், கமெண்ட் வசதி இல்லாமல் இருக்க முடியும் என்றால், இதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

முதல் படி: கெடு தேதிகளை ஒரே தாளில் எழுதுங்கள்

சர்வரைத் தொடுவதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். டொமைன் முடியும் நாள், வங்கி அட்டை முடியும் மாதம், உபுண்டு பதிப்பின் ஆதரவு முடியும் ஆண்டு, பிஎச்பி பதிப்பின் கெடு, எஸ்எஸ்எல் சான்றிதழ் (எச்டிடிபிஎஸ் முகவரிக்குத் தேவையானது) எப்படிப் புதுப்பிக்கப்படுகிறது என்ற விவரம். இவற்றைத் தாளிலும் எழுதுங்கள், போன் காலண்டரிலும் ஏற்றுங்கள்.

இவற்றில் மிக ஆபத்தானது டொமைன். ‘ஆட்டோ ரெனியூ போட்டுவிட்டேன், கவலையில்லை’ என்று இந்தியாவில் இருந்துகொண்டு சொல்ல முடியாது. 2021 அக்டோபர் 1 முதல், ரிசர்வ் வங்கி விதிப்படி, அட்டையிலிருந்து தானாகக் கழியும் தொகைக்கு உங்கள் ஒப்புதலோடு பதிவான இ-மேண்டேட் வேண்டும். வெளிநாட்டு நிறுவனங்கள் பலவற்றில் அந்த ஏற்பாடே இல்லாததால் தானாகக் கழிய வேண்டிய பணம் கழியாது. அட்டை செல்லும், கணக்கில் பணம் இருக்கும், ஆனாலும் பரிவர்த்தனை நிராகரிக்கப்படும். ஆகவே டொமைனை ஒரே தடவையில் 3 அல்லது 5 வருஷத்துக்குக் கட்டிவிடுங்கள் (அதிகபட்சம் 10 வருஷம் வரை கட்டலாம்). யுபிஐயில் பணம் வாங்கும் இந்தியப் பதிவாளரிடம் வைத்திருந்தால் இன்னும் நிம்மதி. சர்வர் வாடகைக்கு முன்பணம் ஏற்றி வைக்கும் வசதி இருந்தால் ஆறு மாதத்துக்கு ஏற்றுங்கள்.

டொமைன் பதிவாளரிடம் கொடுக்கும் மெயில் முகவரி அதே டொமைனில் இருக்கவே கூடாது. டொமைன் காலாவதியானால் அந்த மெயிலும் சேர்ந்தே நிற்கும். ‘புதுப்பியுங்கள்’ என்று வரும் கடிதம் உங்களை எட்டவே எட்டாது. பாஸ்வேர்டு மாற்றும் மெயிலும் வராது. வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதைதான். ஜிமெயில் மாதிரி வேறொரு முகவரியைக் கொடுங்கள். டாட் காம் டொமைன் என்றால், பதிவு செய்ததும் வரும் உறுதிப்படுத்தல் மெயிலை 15 நாளுக்குள் சொடுக்குங்கள். விட்டால் பணம் கட்டியும் டொமைன் முடக்கப்படும்.

காலாவதியான டாட் காம் உடனே கைநழுவிப் போகாது. பதிவாளரைப் பொறுத்து அதிகபட்சம் 45 நாள் வரை சாதாரணக் கட்டணத்தில் மீட்கலாம். அதன் பிறகு 30 நாள் அபராதக் கட்டணத்தோடு மீட்கலாம். பிறகு 5 நாளில் அது பொதுச் சந்தைக்கு வந்துவிடும்.

எஸ்எஸ்எல் விஷயத்தில் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு இலவசமாகத் தரும் சான்றிதழ் 90 நாள் செல்லும். அதைப் புதுப்பிக்கும் செர்ட்பாட் கருவி ஒரு நாளில் இரண்டு முறை சரிபார்த்து, 30 நாள் மீதமிருக்கும்போது புதுப்பிக்கும். முன்பெல்லாம் தேதி நெருங்கினால் மெயில் வரும். 2025 ஜூனில் அந்தச் சேவையை நிறுத்திவிட்டார்கள். 2028இல் ஆயுளை 45 நாளாகக் குறைக்கப் போவதாகவும் அறிவித்திருக்கிறார்கள். ஆகவே தேதியைக் கண்காணிக்கும் வெளிக் கருவி ஒன்று அவசியம். புதுப்பிப்பு தோற்றுப்போகும் காரணங்கள் பெரும்பாலும் இரண்டுதான்: ஃபயர்வாலில் 80ஆம் போர்ட்டை (சாதாரண வலை இணைப்பு நுழையும் வாசல்) மூடியிருப்பீர்கள், அல்லது டிஎன்எஸ்ஸை (டொமைன் பெயரை சர்வரோடு இணைக்கும் பதிவு) வேறிடத்துக்கு மாற்றியிருப்பீர்கள். மூன்றாவதாக ஒன்று வந்தால் குழப்பும்: சான்றிதழ் புதிதாக வந்திருக்கும், ஆனால் பக்கங்களைப் பிரவுசருக்கு அனுப்பும் என்ஜின்எக்ஸ் மென்பொருள் பழையதையே நினைவில் வைத்துக் காட்டிக்கொண்டிருக்கும். புதுப்பித்ததும் என்ஜின்எக்ஸை ரீலோடு செய்யச் சொல்லும் வரியை செர்ட்பாட் அமைப்பில் சேர்த்தால் இது தீரும்.

உபுண்டு 22.04க்கு இலவச ஆதரவு 2027 வரை, 24.04க்கு 2029 வரை. புதிதாகத் தொடங்குகிறவர் 24.04க்குக் கீழே போக வேண்டாம். பிஎச்பி 8.3க்கு அதன் குழு 2027 டிசம்பர் 31 வரைதான் பாதுகாப்புத் திருத்தம் தரும். ஆனால் உபுண்டு 24.04 தன்னோடு வரும் 8.3க்கு 2029 வரை திருத்தங்களைத் தானே கொண்டுவந்து சேர்க்கும். ‘லேட்டஸ்ட் வேண்டும்’ என்று வெளிக் களஞ்சியத்திலிருந்து பிஎச்பி எடுத்துப் போடாதீர்கள். உபுண்டுவோடு வருவதையே வைத்துக்கொண்டால் நினைவில் வைக்க வேண்டிய தேதி ஒன்று குறைகிறது.

இரண்டாம் படி: பேக்கப், அதைவிட முக்கியமாக ரீஸ்டோர்

முதல் பதிவு எழுதுவதற்கு முன்பே பேக்கப் ஓடத் தொடங்கியிருக்க வேண்டும். எடுக்க வேண்டியவை நான்கு: தரவுத்தளம், ‘டபிள்யூபி-கன்டென்ட்’ அடைவு முழுவதும், வேர்ட்பிரஸின் கான்ஃபிக் கோப்பு, சர்வரின் ‘இடிசி’ அடைவு. கடைசியாகச் சொன்னதை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். என்ஜின்எக்ஸ் அமைப்பும் எஸ்எஸ்எல் சான்றிதழும் அதற்குள்தான் இருக்கின்றன.

தரவுத்தளத்தைத் தினமும், கோப்புகளை வாரம் ஒரு முறையும் எடுத்தால் போதும். மைஎஸ்க்யூஎல் (தரவுத்தள மென்பொருள்) டம்ப், அதாவது தரவுத்தளத்தின் முழு நகல், எடுக்கும்போது ‘சிங்கிள் டிரான்ஸாக்‌ஷன்’ என்ற தேர்வைச் சேருங்கள். தளம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, முன்னுக்குப் பின் முரணில்லாத நகல் கிடைக்கும். எழுத்துத் தொகுதி யூடிஎஃப்8எம்பி4 என்றும் குறிப்பிட்டுவிடுங்கள்; இல்லாவிட்டால் பழைய பதிப்புகளில் எமோஜிகள் கேள்விக்குறியாகிவிடும். சில நூறு கட்டுரை கொண்ட தளத்தின் டம்ப், சுருக்கிய பிறகு சில பத்து எம்பிக்குள் அடங்கும். எனவே 7 நாள் நகல், 4 வார நகல், 12 மாத நகல் என்று வைத்தாலும் இடம் பெரிதாகப் போகாது. மாத நகல் ஏன் என்றால், தளத்துக்குள் புகுந்த கெட்ட நிரல் சில வாரம் கழித்துத்தான் கண்ணில் படும். அப்போது 7 நாள் நகல் அத்தனையிலும் அதுவும் சேர்ந்தே இருக்கும்.

நேரம் குறிக்கும்போது கவனம் தேவை. சர்வர் கடிகாரம் வழக்கமாக யுடிசியில் (உலகப் பொது நேரம்) இருக்கும். கிரானில் (குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கருவி) 3 மணி என்று போட்டால் அது நமக்குக் காலை 8.30. நம் அதிகாலை 3 மணிக்கு ஓட வேண்டும் என்றால் 21.30 என்று போடுங்கள். தமிழ்த் தளத்துக்கு எல்லோரும் தூங்கும் நேரம் என்று ஒன்று கிடையாது என்பதும் நினைவிருக்கட்டும். நமக்கு அதிகாலை 3 என்றால் டொரன்டோவில் மாலை. லாக் கோப்பைப் பார்த்து, வாசகர்கள் குறைவாக வரும் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

நகல்கள் மூன்று இடத்தில் இருக்கட்டும்: சர்வரில் நேற்றையது ஒன்று, வேறு நிறுவனத்தின் சேமிப்பகத்தில் முழுத் தொகுப்பு, வீட்டு ஹார்ட் டிஸ்கில் மாதத்துக்கு ஒன்று. ஹோஸ்டிங் நிறுவனமே தரும் ஸ்னாப்ஷாட்டை (சர்வரின் முழு நகல்) மட்டும் நம்பக் கூடாது. கணக்கு முடங்கினால் ஸ்னாப்ஷாட்டும் அதோடு முடங்கும். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் எரிந்தபோது, நகலையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள். வீட்டு ஹார்ட் டிஸ்குக்கும் இது பொருந்தும். சென்னையில் வெள்ளம் வரும் வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் தரைத்தளத்தில் இருப்பவர்கள் அதைப் பரணில் வையுங்கள்.

இனி ரீஸ்டோர். ஒரு தடவையாவது திருப்பி ஏற்றிப் பார்க்காத நகலை நகல் என்றே கணக்கில் எடுக்காதீர்கள். மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் இன்னொரு சர்வரை எடுங்கள். மூன்று மணி நேரத்துக்குச் சில ரூபாய்தான் ஆகும். உபுண்டு, என்ஜின்எக்ஸ், பிஎச்பி, மைஎஸ்க்யூஎல் நிறுவி, நகலிலிருந்து நான்கையும் ஏற்றுங்கள். பிரவுசரில் அந்த ஐபி முகவரியைத் திறந்தால் அது உங்களை நிஜத் தளத்துக்கே திருப்பி அனுப்பிவிடும். தள முகவரி தரவுத்தளத்துக்குள் எழுதப்பட்டிருப்பதுதான் காரணம். பலர் இங்கே ஏமாறுகிறார்கள்: நிஜத் தளத்தைப் பார்த்துக்கொண்டே ‘ஆகா, ரீஸ்டோர் வேலை செய்கிறது’ என்று நினைத்துவிடுகிறார்கள். உங்கள் லேப்டாப்பின் ஹோஸ்ட்ஸ் கோப்பில், டொமைன் பெயருக்கு எதிரே புதிய ஐபியை எழுதுங்கள். அப்போதுதான் நகல் தெரியும். பழைய கட்டுரை ஒன்று, படம் நிறைந்த கட்டுரை ஒன்று, கடைசிக் கட்டுரை, தேடல், லாகின் என எல்லாவற்றையும் திறந்து பாருங்கள். நகல் சர்வரில் மெயிலையும் கிரானையும் நிறுத்தி வையுங்கள், இல்லாவிட்டால் சந்தாதாரர்களுக்கு ஒரே அறிவிப்பு இரண்டு முறை போகும். முடிந்ததும் ஹோஸ்ட்ஸ் வரியை மறக்காமல் அழியுங்கள். மறந்தால் அடுத்த வாரம் உங்கள் லேப்டாப்பில் மட்டும் தளம் திறக்காது, காரணம் புரியாமல் அரை நாள் போகும்.

இதை ஆண்டுக்கு ஒரு முறையாவது செய்ய வேண்டும். சென்னைக்காரர்களுக்கு ஆயுத பூஜை நல்ல நாள். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குச் சற்று முன் வருகிறது, கருவிகளைத் துடைத்துச் சரிபார்க்கும் நாளும் அதுவே.

மூன்றாம் படி: அப்டேட்டை வகை பிரியுங்கள்

எல்லா அப்டேட்டையும் தானாக ஓட விடுவதும் தப்பு, எதையும் விடாததும் தப்பு. உபுண்டுவின் பாதுகாப்புத் திருத்தங்கள் தானாகவே நடக்கட்டும். ‘அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ்’ அதற்குத்தான் இருக்கிறது. ஆனால் அது தானாக ரீபூட் செய்யாது. கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) திருத்தம் வந்து மாதக்கணக்கில் காத்திருக்கும் சர்வர்கள் ஏராளம். லாகின் செய்ததும் ‘ரீஸ்டார்ட் தேவை’ என்ற செய்தி தெரிந்தால் அந்த வாரமே செய்துவிடுங்கள். ரீபூட்டுக்குப் பின் என்ஜின்எக்ஸ், பிஎச்பி, மைஎஸ்க்யூஎல் மூன்றும் தாமாக எழுந்தனவா என்றும் பாருங்கள்.

வேர்ட்பிரஸின் சிறு பதிப்புகள் (உதாரணத்துக்கு 6.8.1இலிருந்து 6.8.2) தானாக ஏறும், அப்படியே விடுங்கள். பெரிய பதிப்புக்கு இரண்டு வாரம் பொறுங்கள். அதற்குள் ப்ளகின்காரர்கள் தங்கள் பக்கத்தைச் சரிசெய்திருப்பார்கள்.

ப்ளகின்தான் உண்மையான தலைவலி. புதியவர்கள் 25, 30 போட்டுவிடுகிறார்கள். எழுத்து மட்டுமே உள்ள தளத்துக்கு 6 அல்லது 7 போதும்: கேஷ் (தயாரான பக்கங்களைச் சேமித்து வைப்பது), மெயில், பேக்கப், ஸ்பேம் தடுப்பு, இரட்டைச் சரிபார்ப்பு, தேவையென்றால் எஸ்இஓ (தேடுபொறியில் தெரிய உதவுவது). ஒவ்வொன்றையும் போடுமுன் கடைசி அப்டேட் தேதியைப் பாருங்கள். ஒரு வருஷம் தாண்டியிருந்தால் வேண்டாம். வேண்டாத ப்ளகினை முடக்கினால் மட்டும் போதாது, அழித்துவிடுங்கள். முடக்கி வைத்த ப்ளகினின் கோப்புகளும் சர்வரில்தானே இருக்கின்றன, அவற்றை நேரடியாக அழைக்க முடியும். ப்ளகின் கைமாறுவதும் நடக்கும். 2017இல் ‘டிஸ்ப்ளே விட்ஜெட்ஸ்’ என்ற பிரபலமான ப்ளகின் விற்கப்பட்டு, புதிய உரிமையாளர் காலத்தில் அதில் ஸ்பேம் போடும் நிரல் நுழைந்தது. நல்ல பெயரோடு பல வருஷம் இருந்த ப்ளகின் அது. அதனால்தான் எண்ணிக்கையைக் குறையுங்கள் என்கிறோம்.

நான்காம் படி: நிரம்பும் பொருள்கள்

ஒரு நாள் காலை தளத்தைத் திறந்தால், தரவுத்தளத்தோடு இணைய முடியவில்லை என்ற ஒற்றை வரி வரும். சர்வருக்குள் தொலைவிலிருந்து நுழையும் எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போக முடியும், எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும். ‘டிஎஃப்’ கட்டளையைக் கொடுத்தால் டிஸ்க் 100 சதவீதம் என்று காட்டும். லினக்ஸின் இஎக்ஸ்டி4 கோப்பு முறை, டிஸ்கில் 5 சதவீதத்தை ரூட் (நிர்வாகி) பயனருக்கென்று ஒதுக்கி வைக்கிறது. அதனால்தான் நீங்கள் உள்ளே நுழைய முடிகிறது, மைஎஸ்க்யூஎல் மட்டும் எழுத இடமில்லாமல் நின்றுவிடுகிறது.

அந்தப் பதற்றத்தில் தரவுத்தள அடைவுக்குள் போய்ப் பெரிய கோப்பாகப் பார்த்து அழிக்காதீர்கள். தளம் மீளாமல் போவது அந்த ஒரு செயலால்தான். முதலில் ஆப்ட் கேஷைக் (நிறுவுவதற்காக இறக்கிய பொதிகள்) காலி செய்யுங்கள், பிறகு ஜர்னல் லாகை (சர்வரின் நிகழ்வுப் பதிவு) 200 எம்பிக்குச் சுருக்குங்கள். கிடைத்த இடத்தில் மைஎஸ்க்யூஎல்லை எழுப்பிவிட்டு, நிதானமாகக் காரணத்தைத் தேடுங்கள். இதற்கென்றே முன்கூட்டி 500 எம்பி அளவில் வெற்றுக் கோப்பு ஒன்றை உருவாக்கி வைத்திருப்பது நல்ல பழக்கம். அவசரத்தில் அதை அழித்தால் மூச்சு விட இடம் கிடைக்கும்.

நிரப்புவது யார் என்று பார்த்தால், முதல் குற்றவாளி அதே டிஸ்கில் குவியும் பேக்கப். அடுத்தது மைஎஸ்க்யூஎல் 8இன் பைனரி லாக் (தரவுத்தள மாற்றங்களின் பதிவு). அது இயல்பாகவே இயங்கும், 30 நாள் சேமிக்கும். ஒற்றை சர்வருக்கு 3 நாள் போதும், அமைப்பில் 259200 வினாடி என்று போடுங்கள். மூன்றாவது படங்கள். போனில் எடுத்த 5 எம்பி படம் ஒன்றை ஏற்றினால், வேர்ட்பிரஸ் மூலப் படத்தையும் வைத்துக்கொண்டு, 150 பிக்சலிலிருந்து 2560 பிக்சல் வரை ஏழெட்டு நகல்களை உருவாக்கும். ஏற்றுமுன் அகலத்தை 1600 பிக்சலாகக் குறைத்தால் 300 கேபி அளவுக்கு வந்துவிடும், வாசகரின் டேட்டாவும் மிச்சம். கட்டுரையின் பழைய வரைவுகளை வேர்ட்பிரஸ் எண்ணிக்கை வரம்பின்றிச் சேமிக்கும். கான்ஃபிக் கோப்பில் 5 என்று கட்டுப்படுத்துங்கள்.

ரேம் விஷயம் வேறு மாதிரி. 1 ஜிபி சர்வரில் மைஎஸ்க்யூஎல் 350 முதல் 400 எம்பி எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு பிஎச்பி செயல்முறையும் 50 முதல் 80 எம்பி எடுக்கும். உபுண்டு இந்தச் செயல்முறைகளின் எண்ணிக்கைக்கு 5 என்று வரம்பு வைத்தே தருகிறது. ‘தளம் வேகமாகும்’ என்று எங்கோ படித்து அதை 50 ஆக்கினால், நான்கு தேடுபொறி பாட்கள் (பக்கங்களைத் தானாகப் படிக்கும் நிரல்கள்) சேர்ந்து வரும் நாளில் ரேம் தீர்ந்து, லினக்ஸ் பெரிய செயல்முறையாகப் பார்த்துக் கொல்லும். அது பெரும்பாலும் மைஎஸ்க்யூஎல்தான். 5ஐ அப்படியே விடுங்கள். 2 ஜிபி ஸ்வாப் (ரேம் தீரும்போது உதவும் டிஸ்க் இடம்) சேருங்கள். முழுப்பக்க கேஷ் போடுங்கள். வாசகர் வந்தால்தான் ஓடும் வேர்ட்பிரஸின் உள் கிரானை நிறுத்தி, சர்வர் கிரானில் 10 நிமிடத்துக்கு ஒரு முறை ஓட்டுங்கள்.

தமிழ்த் தளத்துக்கே உரிய சங்கடங்கள்

ஆங்கில வழிகாட்டிகளில் இவை இருக்காது. தமிழ்த் தலைப்பை அப்படியே முகவரியாக விட்டால், ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் முகவரிக்குள் 9 எழுத்தாக விரியும். வேர்ட்பிரஸ் முகவரிக்கு 200 எழுத்துதான் வரம்பு. ‘திருவல்லிக்கேணி’ நம் கண்ணுக்கு 8 எழுத்து. கணினிக்கு 15 குறியீடு, ஆக 135 எழுத்து. ‘திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில்’ என்று தலைப்பிட்டால் முகவரி ‘திருவல்லிக்கேணி-பார்த்த’ என்று நடுவில் வெட்டுப்படும். கோயிலைப் பற்றித் தொடர் எழுதினால் எல்லாக் கட்டுரைக்கும் அதே முகவரி, பின்னால் 2, 3, 4. வாட்ஸ்அப்பில் பகிர்ந்தால் சதவீதக் குறிகளின் நீண்ட வால். முதல் நாளே முடிவெடுங்கள்: ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று சொல் முகவரி. பிறகு அதை மாற்றாதீர்கள்.

படக் கோப்புகளுக்கும் ஆங்கிலப் பெயரே வையுங்கள். ‘ொ’ என்ற குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ‘ெ’ மற்றும் ‘ா’ என இரண்டாகவும் எழுதலாம். சில மேக் கணினிகளும் ஜிப் செயலிகளும் அதைப் பிரித்துச் சேமிக்கும். பார்வைக்கு இரண்டு பெயரும் ஒன்றே, லினக்ஸுக்கு வெவ்வேறு கோப்பு. சர்வர் மாற்றும் நாளில் பாதிப் படங்கள் காணாமல் போவது இதனால்தான்.

பழைய தளத்தைத் தூக்கி வரும்போது தமிழ் எல்லாம் புள்ளி வைத்த ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிந்தால், உடனே எதையும் சேமிக்காதீர்கள். தரவு பெரும்பாலும் கெட்டிருக்காது, தவறான தொகுதியில் படிக்கப்படுகிறது, அவ்வளவுதான். அந்தக் கோலத்திலேயே ஒரு கட்டுரையைத் திருத்திச் சேமித்தால்தான் நிஜமாகக் கெடும். ஏற்றியதை அழித்துவிட்டு, மூல டம்பைச் சரியான தொகுதியோடு மறுபடி ஏற்றுங்கள்.

மெயில், ஸ்பேம், பாட்கள்

பல விபிஎஸ் நிறுவனங்கள் மெயில் வெளியேறும் 25ஆம் போர்ட்டை மூடியே வைத்திருக்கின்றன. அதனால் வேர்ட்பிரஸ் அனுப்பும் மெயில் கிளம்பவே கிளம்பாது, பிழையும் காட்டாது. இது சின்ன விஷயமில்லை: ப்ளகின் ஒன்று தளத்தைச் சாய்த்தால், சரிசெய்ய உள்ளே நுழையும் சிறப்பு இணைப்பை வேர்ட்பிரஸ் மெயிலில்தான் அனுப்புகிறது. மெயில் அனுப்பும் சேவை ஒன்றில் இலவசக் கணக்கு தொடங்கி 587ஆம் போர்ட் வழியாக அனுப்புங்கள். டிஎன்எஸ்ஸில் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் (மெயில் உங்கள் டொமைனிலிருந்துதான் வருகிறது என்று காட்டும் பதிவுகள்) மூன்றையும் சேருங்கள். எஸ்பிஎஃப் பதிவு ஒன்றுதான் இருக்க வேண்டும். இரண்டாவது சேவை சேர்க்கும்போது தனி வரி போட்டால் இரண்டுமே செல்லாது, ஒரே வரிக்குள் இணைக்க வேண்டும். மாதம் ஒரு முறை ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டது’ என்பதைச் சொடுக்கி மெயில் வருகிறதா என்று பாருங்கள்.

கமெண்ட் வசதியை 30 நாளுக்கு மேற்பட்ட கட்டுரைகளில் மூடினாலே ஸ்பேம் பெருமளவு குறையும். லாகின் பக்கத்துக்கு நிமிடத்துக்கு 5 முயற்சி என்று என்ஜின்எக்ஸில் வரம்பு வையுங்கள். எஸ்எஸ்எச்சில் பாஸ்வேர்டை நிறுத்திச் சாவிக் கோப்பு மட்டும் அனுமதியுங்கள். அந்தச் சாவிக்கும் ஒரு நகல் வேண்டும். மொபைல் செயலி பயன்படுத்தாதவர்கள் எக்ஸ்எம்எல்-ஆர்பிசியை (வெளிச் செயலிகள் தளத்தோடு பேசும் வாசல்) மூடிவிடலாம். ஏஐ நிறுவனங்களின் பாட்கள் ரோபோட்ஸ் கோப்புக்கு (எந்தப் பக்கங்களுக்கு வரலாம் என்று பாட்களுக்குச் சொல்வது) எப்போதும் கட்டுப்படுவதில்லை. அவை தேடல் பக்கத்தைத் தோண்டத் தொடங்கினால் கேஷ் உதவாது, அந்தப் பக்கத்துக்கும் வரம்பு போடுங்கள்.

கண்காணிப்பு அதே சர்வரில் இருந்து பயனில்லை. 5 நிமிடத்துக்கு ஒரு முறை வெளியிலிருந்து பார்க்கும் இலவசச் சேவை போதும். தளம் பதில் தருகிறதா என்று மட்டும் பார்க்காமல், பக்கத்தின் அடியில் உள்ள ஒரு சொல் இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். பேக்கப் முடிந்ததும் ஒரு முகவரியைத் தட்டி, தட்டாத நாளில் உங்களுக்குச் சொல்லும் சேவைகளும் உண்டு, அதையும் சேருங்கள்.

வீட்டிலேயே சர்வர் வைக்கலாமா?

சென்னையில் வைக்கலாம், ஆனால் முதல் தளத்துக்கு வேண்டாம். வீட்டு ஃபைபர் இணைப்புகள் பலவற்றில் தனி ஐபி கிடையாது, பல வீடுகள் ஒரே ஐபியைப் பகிர்கின்றன. வெளியிலிருந்து உள்ளே வர டன்னல் சேவை தேவைப்படும். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் காலை 9 மணிக்குப் போகும் கரன்ட் மதியம் 2 மணிக்குத்தான் வரும். வீட்டு யுபிஎஸ் அந்த ஐந்து மணி நேரத்தைத் தாங்கினாலும், ரூட்டரும் ஃபைபர் பெட்டியும் யுபிஎஸ் லைனில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். 2016 டிசம்பரில் வர்தா, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல்கள் வந்தபோது நகரின் பல பகுதிகளில் கரன்ட் நாள்கணக்கில் இல்லை. அதற்கு எந்த யுபிஎஸ்ஸும் பதில் சொல்லாது. அக்னி நட்சத்திரத்தில், ஏசி இல்லாத அறையின் மூடிய அலமாரிக்குள் ராஸ்பெரி பை 80 டிகிரியைத் தொட்டுத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படியும் வைப்பதென்றால் எஸ்டி கார்டில் தரவுத்தளத்தை ஓட்டாதீர்கள், தொடர்ந்து எழுதினால் அது சீக்கிரம் தேயும். எஸ்எஸ்டி போடுங்கள், நகலை ஊருக்கு வெளியே வையுங்கள்.

வாரம், மாதம், வருஷம்

சனிக்கிழமை காலை காபியோடு 15 நிமிடம்: முந்தைய இரவின் பேக்கப் கோப்பு இருக்கிறதா, அதன் அளவு வழக்கம்போல் இருக்கிறதா, டிஸ்க் எத்தனை சதவீதம், ப்ளகின் அப்டேட், கமெண்ட் வரிசை. டிஸ்க் 80 சதவீதம் தாண்டினால் அன்றே பாருங்கள். மாதத்தின் முதல் சனியன்று ரீபூட், மெயில் சோதனை, வீட்டு ஹார்ட் டிஸ்குக்கு ஒரு நகல், லாகின் செய்யக்கூடிய பயனர்களின் பட்டியல். ஆயுத பூஜை வாரத்தில் ரீஸ்டோர் ஒத்திகை, கெடு தேதித் தாளைப் புதுப்பித்தல், இரட்டைச் சரிபார்ப்பின் மாற்றுக் குறியீடுகள் கைக்கு எட்டுகின்றனவா என்று பார்த்தல்.

அந்தத் தாளை வீட்டில் இன்னொருவருக்கும் காட்டி வையுங்கள். டொமைன் யாரிடம், சர்வர் யாரிடம், பாஸ்வேர்டு எந்தப் பெட்டகத்தில் என்று அவருக்குத் தெரிந்தால், நீங்கள் ஆஸ்பத்திரியில் இருக்கும் மாதத்திலும் தளம் நிற்காது.

நிறுத்த நேர்ந்தால்

வேலை மாறும், குழந்தை பிறக்கும், எழுதும் ஆர்வம் போகும். அப்போது சர்வரைக் கவனிப்பின்றி விட்டுவைப்பதுதான் மோசமான வழி. கவனிப்பில்லாத வேர்ட்பிரஸ் சில மாதத்தில் யாருடைய ஸ்பேமுக்காவது கூடாரமாகிவிடும். முதலில் கமெண்டையும் தேடலையும் மூடுங்கள். நிலைத்தள நகல் எடுக்கும் ப்ளகினாலோ ‘டபிள்யூகெட்’ கருவியாலோ தளம் முழுவதையும் எச்டிஎம்எல் கோப்புகளாக இறக்குங்கள். அதை இலவச நிலைத்தள ஹோஸ்டிங் ஒன்றில் ஏற்றி, பழைய முகவரிகள் அப்படியே திறக்கின்றனவா என்று ஒரு பத்தைச் சொடுக்கிப் பாருங்கள். முக்கியமான பக்கங்களை இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினிலும் சேமியுங்கள். கடைசி டம்பை இரண்டு இடத்தில் வைத்துவிட்டு சர்வரை அழியுங்கள்.

டொமைனை மட்டும் விடாதீர்கள். பழைய இணைப்புகள் உள்ள டொமைன் காலியானால் சூதாட்டத் தளக்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள், உங்கள் பெயரைத் தேடி வருகிற வாசகர் அங்கே போய் நிற்பார். நிறுத்தும் அன்றே இன்னும் 5 வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டி, முடியும் தேதியைத் தாளில் எழுதிவிடுங்கள்.